பார்த்துக்கொண்டதற்கு ஆதாரம்

தனலெட்சுமிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்குச் சிஜில், அதுவும் அரசாங்கச் சான்றிதழ், தருவார்களாம்! யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

ஆனால் தெப்ராவ் முதியோர் இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சிஜில் இருந்தால் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை, இல்லாவிட்டால் தரை துடைக்கும் வேலை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து படுத்த படுக்கையான மகன் தீபனைப் பதினொரு வருடம் தூக்கிப் புரட்டிய கைகள் அவளுடையவை. அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்தக் கைகளை இனி என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை. யாரையாவது தொட்டுக் கவனித்தால்தான் தூக்கம் வரும் போலிருந்தது.

"வகுப்புக்கெல்லாம் போக வேணாம் அக்கா," என்றார் சிஜில் தரும் பயிற்சி நிலையத்துக் கமலநாதன். "ஏற்கெனவே செஞ்ச வேலைக்கு ஆதாரம் காட்டுனா போதும். டியூப்ல பால் குடுத்தது, திருப்பிப் படுக்க வச்சது, எல்லாம் போட்டோ இருக்கும்தானே?"

போட்டோவுக்கா பஞ்சம்? கைப்பேசி நிறையத் தீபன்தான். ஆனால் ஒன்றில்கூட டியூப் இல்லை. வயிற்றில் இருந்த அதைச் சட்டைக்குள் மறைத்து, முகத்துக்குப் பவுடர் போட்ட பிறகுதான் படம் எடுப்பாள். நாளைக்கு எழுந்து நடமாடும்போது பார்த்து அவன் கூச்சப்படக் கூடாதே! டாக்டர்கள் கைவிரித்த பிறகும் அப்படி நம்பியவள் ஆதாரத்துக்கு எங்கே போவாள்? பைத்தியக்காரி என்றால் பைத்தியக்காரிதான்.

கமலநாதன் படங்களை மெதுவாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "பரவால்ல அக்கா. நான் வீட்டுக்கே வர்றேன். யாரையாவது படுக்க வச்சுச் செஞ்சு காட்டுங்க."

படுத்தவள் மகள் லோஷினி. அண்ணன் விழுந்தபோது அவளுக்கு எட்டு வயது, இப்போது தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை, உலு திராம் வீட்டில், தீபன் கிடந்த அதே கட்டிலில் சிரித்துக்கொண்டே ஏறினாள். "அலமாக், நான் நல்லா நடிப்பேன் லா!"

தனலெட்சுமி கை கழுவி வந்தாள். தலைமாட்டை உயர்த்தி, வெறும் சிரிஞ்சை வைத்துப் பால் கொடுக்கும் முறையைக் காட்டினாள். பிறகு காதருகே குனிந்து, "திருப்பப் போறேன் சாமி, பயப்படாத," என்றாள். தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகினாள். புண் வந்திருக்கிறதா என்று முதுகைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டாள்.

"போதும் அக்கா," என்றார் கமலநாதன். "இதுக்கு மேல என்ன பாக்கணும்? நீங்க பாஸ்."

தனலெட்சுமி சிரிஞ்சை எடுத்து வைத்தாள். சந்தோஷம்தான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய தீபன் இல்லையே என்றும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தட்டினாள்.

"முடிஞ்சிருச்சு, எழுந்திரும்மா."

லோஷினி எழவில்லை. சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். தோள் குலுங்கியது.

"என்னடி? எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்ச நேரம் தேய்ச்சு விடுங்க." குரல் உடைந்திருந்தது. "அண்ணன் விழுந்ததுக்கு அப்புறம் நீங்க என்னை இப்படித் தொட்டதே இல்ல."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் தனலெட்சுமி வாயெடுத்தாள். சொல்வதற்கு ஒரு நாளையாவது நினைவில் தேடினாள். கிடைக்கவில்லை.