காலடியில் கேட்ட சத்தம்

டக். வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு டக். இடது காலுக்கு அது கிடையாது.

பால் தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலை பார்க்கும் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். புளித்த பாலை மூடி திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடும் மூக்கு. ஆனால் தன் சைக்கிளில் வரும் சத்தம் மட்டும் இரண்டு வாரமாகப் பிடிபடவில்லை. காலடியில் கேட்டதால் பெடலை மாற்றினார். செயினுக்கு எண்ணெய் விட்டார். பெடல் தண்டுக்குள் இருக்கும் பேரிங் குண்டுகளைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைத்தார். டக்.

தொழிற்சாலை வாசலில் கரும்பலகை காத்திருந்தது. 'சைக்கிள் தரும் இன்றைய பாடம்: தயங்காதே, மிதி!' தினமும் மேனேஜர் தன் கையாலேயே எழுதுவார். அதைச் சோதனை நோட்டிலும் அன்றைய பக்கத்தின் தலைப்பில் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. அவர் வருவது காரில்.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். முதல் தொட்டிப் பால் பாக்கெட்டுகள் நேற்றும் கடைகளிலிருந்து திரும்பி வந்திருந்தன. உப்பிப்போய், ஓரம் கசிந்து, ஈ மொய்த்துக் கிடந்தன. பக்கத்திலேயே இருக்கும் இரண்டாம் தொட்டிப் பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கழுவுற அம்மா சரியா கழுவலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சாயங்காலம் அந்த அம்மாவ வீட்டுக்கு அனுப்பிடறேன்," என்றார் மேனேஜர்.

"பார்த்துட்டு எழுதறேன் சார்."

"என்னத்தப் பார்க்கப் போறீங்க? பலகையப் பாருங்க. தயங்காதே, மிதி!"

முதல் தொட்டியைக் கழுவும் அக்கா கையில் பிரஷ்ஷோடு நின்றிருந்தாள். "தம்பி, சந்தேகமிருந்தா அந்தப் பெரிய மூக்க உள்ள விட்டுப் பாருங்க. மாட்டிக்கிட்டா நானே இழுத்து விடறேன்."

விட்டுப் பார்த்தார். வெந்நீர் வாசனை தவிர ஒன்றுமில்லை. இவளுக்கு எதிராக எப்படிக் கையெழுத்துப் போடுவது? போடாமலும் எப்படி இருப்பது?

திரும்பி வந்த மற்ற பாக்கெட்டுகளைப் பார்க்கக் கிடங்குக்குச் சைக்கிளில் கிளம்பினார். பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க, எழுந்து நின்று மிதித்தார். சத்தம் நின்றுவிட்டது. உட்கார்ந்தார். டக். எழுந்தார். சத்தமில்லை.

சீட்! வலது கால் அழுத்தும்போது உடம்பு சற்றே சாய்கிறது. சீட்டுக்கு அடியில் போல்ட் தளர்ந்திருந்தால் அந்தச் சாய்வில் அது அசையும். சத்தம் இரும்புக் குழாய் வழியாக இறங்கிக் காலடியில் கேட்கும். இத்தனை நாளும் காது காட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாரே தவிர, எது இல்லாவிட்டால் சத்தம் நிற்கிறது என்று பார்க்கவே இல்லை.

பாலத்தின் மேலேயே சைக்கிளைத் திருப்பினார்.

சோதனை அறைக்கு வந்து நோட்டைப் புரட்டினார். அந்த மாதத்தில் நான்கு நாள் மட்டும் முதல் தொட்டிப் பால் புளிக்கவில்லை. அந்த நான்கு நாளும் கழுவியது அதே அக்காதான். அப்படியானால் அன்றைக்கு எது இல்லை? நான்கு பக்கத்திலும் தலைப்பு வெறுமையாக இருந்தது. பாடம் இல்லை. மேனேஜர் லீவு.

மேனேஜர் முதல் தொட்டிக்கு என்ன செய்கிறார்? தினமும் ஆறவைத்த பாலைக் கரண்டியில் மொண்டு சுவைக்கிறார். கரண்டியை நக்கிவிட்டு மறுபடி உள்ளே விடுகிறார். பக்கத்திலிருக்கும் இரண்டாம் தொட்டி வரை நடக்கக்கூடச் சோம்பல்.

மேனேஜர் இல்லாத நேரம் பார்த்து அவர் அறைக்குப் போய், கரண்டி வைக்கும் மேசை டிராயரைத் திறந்தார். மேனேஜர் மூக்குத் துடைக்கும் கைக்குட்டையில் சுற்றிய கரண்டி. கைப்பிடி வளைவில் பச்சையாய் ஏதோ படிந்திருந்தது. மூக்கர் அதைக் கைக்குட்டையோடு எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் தொட்டிப் பாலை இரண்டு பாட்டிலில் பிடித்தார். ஒன்றில் மட்டும் அந்தக் கரண்டியை விட்டு எடுத்தார். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினார். மாலை ஐந்து மணிக்கு ஒன்று பாலாகவே இருந்தது. இன்னொன்று திரிந்து நாறியது. இரண்டையும் கரண்டியையும் மேனேஜர் முன் வைத்தார்.

"பதினஞ்சு வருஷமா இதுலதான்யா சுவை பார்க்கறேன்!" என்று கத்தினார் மேனேஜர்.

"பதினஞ்சு வருஷமா கழுவலையே சார். இப்பதான் பாசி பிடிச்சிருக்கு. மோந்து பாருங்க."

மோந்தார். முகம் கோணியது. அக்கா எட்டிப் பார்த்தாள். "அய்யே! இந்த எச்சிலுக்கா நான் வீட்டுக்குப் போகணும்?" மூக்கர் அறிக்கையில் 'காரணம்: கரண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து தொட்டிகளின் மூடியை யாரும் திறக்கவில்லை. சுவை பார்க்க அடிக்குழாயில் தனித் தம்ளரில் பிடித்தார்கள். முதல் தொட்டிப் பால் புளிக்கவில்லை. மூக்கர் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினார். டக் நின்றது.