ஐந்தாவது கொடி

பனிச்சறுக்குப் பந்தயங்களுக்காக மூன்று வாரத்தில் இது ஆறாவது மலை. இன்றைய பந்தயத்தில் முதல் முப்பது பேருக்குள் வராவிட்டால் அணியில் எனக்கு இடமில்லை. புறப்படும் இடத்தில் கண்ணை மூடி, கையை ஆட்டி, காலையில் நடந்து பார்த்த சறுக்குப் பாதையில் எந்தக் கொடியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

“டேய் லோரென்ஸ், நாலாவது கொடியில ஏன்டா இடது பக்கம் சாயுற?” என்றான், என் சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்க்கும் உர்பான்.

“அங்கதானே வளைவு?”

“அது போன வாரம், ஸ்விட்சர்லாந்துல. இது ஆஸ்திரியாடா, கழுதை!”

மணி அடித்தது. பாய்ந்தேன். நாலாவது கொடியில் ஒழுங்காக வலது பக்கம் திரும்பினேன். ஐந்தாவதில் ஸ்விட்சர்லாந்துக்கே போய், வேலி வலையில் விழுந்தேன்.

உர்பான் சறுக்கி வந்தான். “எலும்பு இருக்கா?”

“எலும்பு இருக்கு. இடம்தான் போச்சு. இனி வீட்டுக்குத்தான்.”

“வீட்டு வாசல் எந்தப் பக்கம்னாவது தெரியுமா?”

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.