பழவங்காடித் தேங்காய்கள்

ஏழைப் பெண்களின் மார்பகப் புற்றுநோய் ஏன் முற்றிய பிறகே தெரியவருகிறது என்று ஆராய, 1984இல் திருவனந்தபுரத்தில் ஒரு குழு போட்டார்கள். மருத்துவத்துக்கு டாக்டர் செண்பகவல்லி, புள்ளிவிவரத்துக்குக் கல்யாணராமன், சமூகவியலுக்கு நான்.

வசதியான வீட்டுப் பெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, முதல் முகாமைக் கரமனை அக்ரகாரத்தில் வைத்தோம். ஒருத்தியும் வரவில்லை. "எங்க தெருவில அந்த வியாதியே கிடையாதாக்கும். பூஜ்யம்னு போட்டுக்கோங்கோ" என்றார் கல்யாணராமன். அது அவர் குடியிருக்கும் தெரு.

அடுத்த முகாம் பழவங்காடியில், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில், ஓட்டல் வேலைக்குப் போகும் பெண்களுக்காக. வரிசை தெருமுனைவரை நின்றது. முன்பாதி முழுக்கக் கரமனை மாமிகள்! பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கையில் தேங்காயோடு வந்திருந்தார்கள்.

மாவாட்டும் வேலையைப் போட்டுவிட்டு வந்த பேச்சி பின்னாலிருந்து கத்தினாள்: "எங்களுக்குன்னு வச்ச எடத்துலயும் இவுகதான் முன்னாலயா?"

டாக்டர் எழுந்தார். "தேங்காய் வச்சிருக்கவங்க போய் உடைச்சிட்டு வந்து கடைசியில நில்லுங்க."

முதலில் நின்றவள் முகத்தை மூடியிருந்த தலைப்பை விலக்கினாள். கல்யாணராமனின் மனைவி லலிதாம்பாள். பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த கணவரிடம் தேங்காயை நீட்டினாள்.

"ஏன்னா, நான் கடைசிக்கே போறேன். இதை நீங்க உடைச்சுட்டு வாங்கோ. உங்கம்மாகிட்ட சொன்னது பொய்யாயிடப்படாது."

மற்ற மாமிகளும் தங்கள் தேங்காயை அவரிடமே நீட்டினார்கள்.

"சார், அந்தப் பூஜ்யத்தை அடிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

அவரால் தலையாட்டக்கூட முடியவில்லை. தாடைக்கு அடியிலும் ஒரு தேங்காய் இருந்தது.