நூறு மில்லிக்குப் பதிமூணு

சவரிக்கு மச்சான் விக்டரைக் கண்டாலே ஆகாது. ஒசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு அக்கா இசபெல்லாவைப் பார்க்க வந்துவிடுவான். வரும்போது கையில் ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே இசபெல்லாவின் முழங்கால் வலி எங்கேயோ போய்விடும்.

கட்டின புருஷன் மட்டும் வாங்கித் தராமலா இருந்தார்? போன வாரம் நுங்கு வாங்கி வந்தார். “அங்க வச்சிடுங்க” என்றாள், தலைகூட நிமிரவில்லை. தம்பி தந்த ஜூஸையோ பொழுது சாய்வதற்குள் குடித்து முடித்து, காலிப் பாட்டிலையும் கழுவி அடுக்கி வைத்தாள்.

இத்தனைக்கும் அவளுக்குச் சர்க்கரை நோய். காப்பியில் இனிப்பை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

“சக்கர ஒடம்புக்கு இது ஆவுமாடா?” என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

“பாட்டில்லயே போட்டிருக்காங்கக்கா. வெறும் பதிமூணு கிராம்தான். தைரியமா குடி.”

“படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சவரியைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு அது சுருக்கென்றது.

படித்தவன் பேச்சை அவர் நம்பவில்லை. காலிப் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு பானுமதியின் மளிகைக்கடைக்குப் போனார்.

“சக்கர பதிமூணு கிராம்னுதாங்கண்ணா இருக்குது” என்று பானுமதி படித்தாள்.

“எதுக்குப் பதிமூணு? பாட்டிலுக்கா?”

“இல்லீங்க, நூறு மில்லிக்கு. பாட்டில் அறநூறு மில்லிங்க.”

சவரி முப்பது வருஷம் தக்காளி மண்டியில் எடை போட்டவர். கிலோ விலையைச் சொல்லிவிட்டுப் பெட்டியையே தூக்கிப் போகப் பார்த்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறார். “அப்ப ஆறு தடவ பதிமூணு நிறும்மா” என்றார். எழுபத்தெட்டு கிராம் சர்க்கரை காகிதத்தில் குவிந்தது.

“இன்னொண்ணு பாருங்கண்ணா. எது சாஸ்தியோ அதத்தான் மொதல்ல எழுதுவாங்க. தண்ணி, அடுத்து சக்கர. மாம்பழம் மூணாவதா வருதுங்க.”

“படம் மட்டும் பெருசா போட்டிருக்கான் பாரு. மேல நல்ல காய அடுக்கி, அடியில சொத்தையத் தள்ற வேல.”

அன்றைக்கே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? ‘தெரியாம வாங்கிட்டான், பாவம்’ என்று தம்பிக்குத்தான் பரிந்து பேசுவாள். மூன்று வாரத்தில் அந்தோணியார் திருநாள். சொந்தபந்தம் எல்லாம் வரும். அத்தனை பேர் நடுவில் அவன் மூஞ்சி தொங்க வேண்டும். சர்க்கரைப் பொட்டலத்தைப் பரணில் ஒளித்து வைத்தார். மூன்று ஞாயிறும் விக்டர் வந்தான், பாட்டிலும் வந்தது. அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு சவரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

திருநாள் பந்தியில் பொட்டலத்தைப் பிரித்து விக்டரின் இலை ஓரத்தில் கொட்டினார். காலிப் பாட்டிலையும் பக்கத்தில் வைத்தார்.

“என்ன மாமா இது?”

“உங்கக்காளுக்கு வாராவாரம் நீ ஊத்துற வெசம். பதிமூணு கிராமாம்! அது நூறு மில்லிக்குடா. முழுப் பாட்டில்ல இவ்ளோ இருக்குது. சூப்பர்வைசருக்கு இது கூடவா தெரியல?”

யாரோ சிரித்தார்கள். விக்டர் பாட்டிலை எடுத்துப் படித்தான். முகம் செத்துப்போயிற்று.

“அக்கா, நான் பாட்டிலுக்கேன்னு நெனச்சிட்டேன்க்கா.”

இசபெல்லா குனிந்து சர்க்கரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“கட்டி தட்டிப் போயிருக்குது. எப்ப எட போட்டீங்க?”

“அது... மூணு வாரம் இருக்கும்.”

“அதுக்கப்புறம் மூணு பாட்டில் குடிச்சிருக்கேன்.”

சவரி காலிக் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

“அவன் தெரியாம குடுத்தான். நீங்க தெரிஞ்சே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “விக்டரு, வண்டிய எடு. பாலக்கோட்டுல ரத்தம் பாத்துட்டு வந்துடலாம்.”

“நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சவரி எழுந்தார்.

“ஒக்காந்து சாப்புடுங்க.”

தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறினாள். கையில் சோறு காய, சவரி வாசலில் நின்று பார்த்தார். செய்தது தப்பென்று தெரிந்தது. ஆனாலும் அவள் பிடித்திருந்த அந்தத் தோளைப் பார்க்கத்தான் அவருக்கு வயிறு எரிந்தது.