வனஜாட்சி வைத்த பெயர்

நோரா தன் பிள்ளையைப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் முழுதாகப் பார்க்கவில்லை. காக்ஸ் டவுன் நர்சிங் ஹோமில் வயிற்றைக் கிழித்து எடுத்த குறைமாதப் பெண் குழந்தை. பஞ்சில் சுற்றி, முகத்தைக் காட்டியும் காட்டாமலும் பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டார்கள். கூடப் போன கணவன் ஓஸ்வால்ட், "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க, நல்லாப் பாத்துக்கறாங்க" என்று வந்து சொன்னான். கண்ணாடிப் பெட்டி என்ற சொல்லே நோராவுக்குப் பிடிக்கவில்லை.

அவன் வந்த வேளை, ஊர் பற்றிக்கொண்டது. காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூர் அடித்துக்கொண்ட தொண்ணூற்றொன்றாம் வருஷத்து டிசம்பர் அது. கர்ஃப்யூ போட்டுவிட்டார்கள். குழந்தையிடம் திரும்பக் கிளம்பிய ஓஸ்வால்டைத் தெருமுனையிலேயே போலீஸ்காரர் லத்தியைக் காட்டி விரட்டிவிட்டார். பிள்ளை அங்கே, பெற்றவர்கள் இங்கே என்று ஆயிற்று.

மறுநாள் மத்தியானம் நர்சிங் ஹோம் கவுண்டரில் போன் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். குழந்தைக்கு மூச்சு இறங்கிக்கொண்டே போகிறது, யாராவது வர முடியுமா என்று கேட்டாள். யார் போவது? பால் வண்டியைத் தவிர வேறெதுவும் தெருவில் நகரவில்லை.

கவுண்டருக்கும் நோராவின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கதவுதான். எல்லாம் அவள் காதில் விழுந்தது. பிள்ளை பிழைக்குமோ என்ற பயம் ஒன்று. அதற்கு மேலே இன்னொரு பயம், அவள் பிறந்த வீட்டில் அதைவிடப் பெரிய பயம் கிடையாது: ஞானஸ்நானம் இல்லாமல், ஒரு பெயர்கூட இல்லாமல் பிள்ளை போய்விடுமோ? சர்ச்சிலிருந்து ஃபாதரை அனுப்பலாமென்றால் அவருக்கும் அதே கர்ஃப்யூதான். அப்போதுதான் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. சாவு நெருங்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஊற்றுகிறவர் வேதக்காரராக, அதாவது கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

"என்னங்க, அந்த சிஸ்டரையே ஊத்தச் சொல்லுங்க!" என்று படுத்தபடியே கத்தினாள். தையல் போட்ட இடம் சுரீரென்றது.

ஓஸ்வால்ட் போனில் கெஞ்சினான். அந்த நர்ஸின் பெயர் வனஜாட்சி. கன்னடக்காரி, இந்து. "நான் செய்யலாமா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு, என்ன சொல்லவேண்டும் என்று கேட்டாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று அவன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். "ஹெசரு? பேரு என்னா?" என்றபோதுதான் அவன் விழித்தான். பிறக்குமுன் பெயர் பேசக்கூடாது என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவருகே ஓடிவந்தான்.

"ஜூலியா" என்றாள் நோரா. இறந்துபோன அவளுடைய அம்மாவின் பெயர் அது.

அவன் திரும்பி ஓடுவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பிறகு எத்தனை முறை சுற்றியும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் குழந்தை இறந்துபோனது.

கர்ஃப்யூ தளர்ந்ததும் ஓஸ்வால்டும் நோராவின் அண்ணன் மைக்கேல்ராஜும் போய்க் குழந்தையின் உடலை வாங்கிவந்து கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நோராவால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. ஓஸ்வால்ட் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான்.

"தண்ணி ஊத்திட்டாங்களாம் நோரா. பேருதான்... உன் பேர வச்சிட்டாங்க."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். இந்துப் பெண் ஊற்றினது செல்லுமா? செல்லும் என்றார் ஃபாதர். வைத்த பெயரும் வைத்ததுதான், கல்லறைச் சிலுவையில் எழுதுவது மட்டும் உங்கள் விருப்பம் என்றார். மைக்கேல்ராஜுக்கு மனசு ஆறவில்லை. "உயிரோட இருக்கறவ பேரக் கல்லறையில எழுதுவாங்களாம்மா? ஜூலியான்னே எழுதிடுவோம். யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். நல்ல மனிதர், தங்கைக்கு ஒன்று ஆகிவிடக்கூடாதே என்ற பதைப்பு அவருக்கு. நோராவின் மனசை அரித்த கேள்வி வேறு. என் பிள்ளை தனியாகவா செத்தது? அதற்குப் பதில் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

நோராவால் நடக்க முடிந்ததும் வனஜாட்சியைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். துக்க வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் கிடையாது. கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது? ஓஸ்வால்ட் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிவந்தான். நோயாளிக்கு வாங்குவதைப் போய் நர்ஸுக்கு வாங்கியிருக்கிறானே என்று, அத்தனை நாளில் முதல்முறையாக நோராவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

வனஜாட்சி நாற்பது வயது மதிக்கத்தக்க, குள்ளமான பெண். டியூட்டி முடிந்து வெளியே வந்தவள், யார் என்று சொன்னதும் நின்றுவிட்டாள்.

"தப்பு செஞ்சிட்டேனா அம்மா? நீங்க பேரு சொல்றதுக்குள்ள போன் கட் ஆயிடுச்சி. திருப்பிப் போட்டேன், சிகலில்லா, கிடைக்கல. குழந்தைக்கு டைம் இல்ல. கால்ல கட்டியிருந்த பட்டையில 'நோரா பேபி'ன்னு இருந்துச்சி. அதையே சொல்லிட்டேன்."

நோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தனியாவா இருந்தா சிஸ்டர்?"

"அய்யோ, இல்லம்மா." வனஜாட்சி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். "செப்பலக் கழட்டிட்டுத்தான் ஊத்தினேன். தேவரு காரியம், சாமி காரியம் இல்லியா? தண்ணி சில்லுனு பட்டா பயந்துக்கும்னு உள்ளங்கையில வச்சிருந்து ஊத்தினேன். அப்பறம் டாக்டரக் கேட்டு வெளிய எடுத்து மடியில வச்சிக்கிட்டேன். பேரு வச்சாச்சே, கூப்பிடாம இருக்கலாமா? நோரா புட்டி, நோரா புட்டின்னு கூப்டுகிட்டே இருந்தேன். எங்க பாஷையில புட்டின்னா சின்னப் பாப்பா. என் வெரலப் புடிச்சிருந்தா. கடைசி வரைக்கும் விடல."

ஓஸ்வால்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நோரா அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். குழந்தை பிறந்த நாளிலிருந்து அடைத்துக்கிடந்தது அது. வனஜாட்சி தடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பேருதான் சிஸ்டர் அவளுக்கு" என்றாள் நோரா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவ காதுல விழுந்த பேரு அது ஒண்ணுதான். அத மாத்த நான் யாரு? சிலுவையிலயும் அதயே எழுதச் சொல்லப் போறேன்."

வனஜாட்சிக்கும் கண் நிறைந்துவிட்டது. ஓஸ்வால்ட் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூடியையே தடவிக்கொண்டிருந்தாள். எழுந்து போகிற நேரமும் வந்தது. நோரா எழுந்திருக்கவில்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அவளக் கூப்ட மாதிரியே ஒரு தடவ என்னக் கூப்புடுங்க."

வனஜாட்சி அவள் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலைக் கீழே வைத்தாள். வலது கையின் ஆள்காட்டி விரலை நோராவின் உள்ளங்கையில் வைத்து, கைக்குழந்தையிடம் குனிவதுபோலக் குனிந்து, மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

"நோரா புட்டி."

நோரா கண்ணை மூடிக்கொண்டு, அந்த விரலை இறுகப் பற்றினாள்.

"ம்" என்றாள்.