பச்சைக் கதவு வைத்த மஞ்சள் ஃபீச்சா

கார் பொம்மை விஷயத்தில் வேலிமிரின் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. கிராகுயெவாட்ஸ் நகரத்துச் சேகரிப்பாளர்கள் ஞாயிறுதோறும் தங்கள் கைப்பேசிக் குழுவில் ஒரு படத்தைப் போட்டு, "பெரிசா, சின்னதா?" என்று கேட்பார்கள். அது அசல் கார்தானா, இல்லை விரல் நீளப் பொம்மையைத் தெருவில் வைத்து எடுத்த படமா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வேலிமிர் வைப்பரை மட்டும் பார்ப்பார். பொம்மையில் அது கொஞ்சம் தடிமனாகத்தான் வரும். எட்டு வருஷமாக ஒருமுறைகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. அந்தத் திமிரும் அவருக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட மனுஷன் ஏப்ரல் மாதம் ஒரு படத்தைப் பார்த்து வைப்பரை மறந்தார்.

படத்தில் ஒரு மஞ்சள் ஃபீச்சா நின்றது. செர்பியாவில் பாதிப் பேர் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றதே அந்தக் குட்டிக் காரில்தான். ஆனால் இதன் இடது கதவு மட்டும் பச்சை. பின்னால் பாசி பிடித்த சுவர், பூத்துக் கொட்டும் பிளம் மரம். அந்தப் பச்சைக் கதவை மாட்டியவரே வேலிமிர்தான். லாரி இடித்துப் பழைய கதவு நசுங்கியபோது கிடைத்தது அந்த நிறம்தான்.

கார் அவர் மனைவி நெவெங்காவுடையது. கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. தொண்ணூற்று மூன்றில், விலைவாசி எகிறி, காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலத்துக்குள் வெறும் காகிதமாகிப்போன அந்த நாட்களில், வேலிமிர் அதை ஒரு வெளியூர்க்காரரிடம் கொடுத்து மாவும் எண்ணெயும் வாங்கினார். வீட்டில், "காரைத் திருடிட்டாங்க" என்றார். மாவைத் தன் தொழிற்சாலையில் கொடுத்தார்கள் என்றும் சொல்லிவைத்தார். முப்பது வருஷமாக அந்தப் பொய் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. காரைத் தேடிப்பிடித்து, அவளை உள்ளே உட்காரவைத்து, அப்புறம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெறுங்கையோடு சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

படம் போட்டவர் குழுவில் இருந்த வெளியூர்க்காரர், உஜித்செ என்ற மலையூர்ப் பக்கத்து ஒப்ராட். வேலிமிர் உடனே அவரைக் கைப்பேசியில் அழைத்தார்.

"வண்டி இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?"

"இருக்குண்ணே. தோட்டத்துல நிக்குது. வந்து பாருங்க, புடிச்சிருந்தா எடுத்துக்கங்க."

மறுநாளே நெவெங்காவைக் கிளப்பினார்.

"இன்னொரு பொம்மையா? அலமாரியில இடம் இல்லை. இனி என் தலைமேலதான் வைக்கணும்," என்றாள்.

"வா, சொல்றேன்."

பஸ் மலையேறும்போது மூடுபனி ஜன்னல்வரை வந்தது. வேலிமிர் அரைத்தூக்கத்தில் இருந்தார். பனிக்குள்ளிருந்து மஞ்சள் கார் வருகிறது, ஓட்டுவது இருபது வயசு நெவெங்கா, கை நீட்டி அவரை ஏற்றிக்கொள்கிறாள். சாலை பஞ்சுபோல மெத்தென்று போகிறது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ஒப்ராட் பிளம் சாராயம் ஊற்றிக்கொடுத்துவிட்டு, "அதோ, சுவரோரமா," என்று தோட்டத்தின் கோடியைக் காட்டினார்.

மரங்களின் இடைவெளியில் மஞ்சள் தெரிந்தது, பச்சையும் தெரிந்தது. வேலிமிர் நடந்தார். பூ உதிர்ந்து தோளில் விழுந்தது. பத்து அடி வைத்தார், இருபது அடி வைத்தார். கிட்டப் போகப் போக கார் பெரிதாகவே இல்லை. கடைசியில் அது சுவர்மேல், பாசிக்கு நடுவே, அவர் நடுவிரல் நீளத்துக்கு நின்றது. வைப்பர் தடிமனாக இருந்தது.

பொம்மைக் குழுவில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு அசலைத் தேடி நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறார்.

"அசல் எங்கே?" என்றார்.

"எங்க மாமா வாங்கின வண்டிண்ணே. கிராகுயெவாட்ஸ்காரர் யாரோ குடுத்தாராம். கடைசியில கோழி அடைச்சு வச்சிருந்தோம். இரும்புக்கு வெட்டிப் போட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. மனசு கேக்கலை, அதான் கதவுக்குப் பச்சை அடிச்சு இதைச் செஞ்சேன்."

அந்த 'யாரோ' யார் என்று ஒப்ராட்டுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு திரும்பிப்போய்விடலாம், விஷயம் இனி எந்த ஜென்மத்திலும் வெளியே வராது. வேலிமிர் அப்படியும் நினைத்தார். நெவெங்கா பொம்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பச்சைக் கதவை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நெவெங்கா, அது திருடு போகலை. நான்தான் குடுத்தேன். மாவுக்கு."

"தெரியும்," என்றாள். "கார் போன அன்னிக்கே வந்த மூட்டையில உஜித்செ மாவு மில் முத்திரை இருந்துச்சு. உங்க தொழிற்சாலையில திருகாணிதானே செஞ்சாங்க?"

ஒப்ராட், கோழிக்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று சொல்லி நழுவினார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் சலிச்சுப்போய் விட்டுட்டேன்."

வேலிமிருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா?" என்றாள் நெவெங்கா. "யார் மேலயாவது சந்தேகம் இருக்கான்னு அந்த ஆள் கேட்டான். நீங்க வெளியில நின்னு சிகரெட் புடிச்சிட்டிருந்தீங்க. ஜன்னல் வழியா உங்களையே பாத்துக்கிட்டு, யார் மேலயும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."