ஜன்னலோரக் கட்டிலின் மணி

முதியோர் இல்லத்து மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் அழைப்பு மணியை அமுக்கினால், அது இல்லங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் வீட்டு வாசலில் அடித்தது. நடுவில் ஒரு பாலமும் மார்க்கெட்டும் இருந்தன, வயர் இல்லை. இல்லத்திலேயே வயர் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதர் தண்ணீருக்கும் ஒண்ணுக்கும் ஹார்ன் அடிப்பதுபோல இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று அமுக்கி உயிரை எடுக்கிறார் என்று மேலாளர் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார். ஆய்வாளர் நல்ல மனிதர், லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். முந்தின நாளே போன் செய்துவிட்டுத்தான் ஆய்வுக்கு வருவார், அதுதான் முறை. அன்றைக்கு மட்டும் வயரைச் செருகுவார்கள், கிழவர்களுக்குச் சவரம் செய்வார்கள், மாடியெங்கும் பினாயில் மணக்கும். ஆய்வாளர் மணியை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார், அடிக்கும். மேலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே “வசதியெல்லாம் எப்படிங்க ஐயா?” என்பார். “ஒரு குறையும் இல்ல சார்” என்பார் பஸ்காரர். வேறென்ன சொல்வார்? ராத்திரிச் சாப்பாடு போடப்போவது சார் இல்லையே.

வீட்டு மணி ஆளில்லாமல் அடித்தபோது ஆய்வாளர் முதலில் தெருப்பிள்ளைகளைத் திட்டினார். பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மணியைக் கழற்றினார்; வெறும் சுவர் அடித்தது. சுவரைப் பூசினார், பூச்சு காய்வதற்குள் அடித்தது. அடிக்கும்போதெல்லாம் வீட்டிலிருந்தவர்களுக்கு நாக்கு வறண்டது, எவ்வளவு குடித்தும் அடங்கவில்லை. அவர் மனைவிதான் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். “இது மணி இல்லீங்க. யாரோ ஹார்ன் அடிக்கிறாங்க.” ஆய்வாளருக்கு முகம் செத்தது. “ஹார்ன் மாதிரி அமுக்குறார்னு மேலாளர் சொன்னாரே, அந்த பஸ்காரர்.” “அப்ப எந்திரிச்சுப் போய் ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு வாங்களேன்.” “சொல்லாம கொள்ளாம எப்படிப் போறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?” “உங்க முறையில தீயை வைக்க. தொண்டை காயுற மனுஷன் நாளை வரைக்கும் காயணுமா?” அவர் போன் செய்தார், மறுநாள் போனார். சவரம் செய்த முகம், வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் நிறைகுடம்போல ஒரு ஜாடி. திருப்தி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் சுவர் ஒரே நெட்டையாக அடித்து, அடித்தபடியே மெலிந்து, நின்றுபோனது.

அந்தக் கட்டிலுக்கு ஒரு கிழவி வந்தாள். அவள் பயந்து பயந்து அமுக்கினாள், சுவரும் பயந்து பயந்து அடித்தது. ஆய்வாளர் மனைவி அதற்குமேல் புருஷனிடம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய், “அவங்க தங்கச்சி நான்” என்று காவலாளியிடம் புளுகி உள்ளே நுழைந்தாள். கட்டிலில் ஆள் மாற மாற உறவும் மாறியது. நாத்தனார், மச்சினி, சம்பந்தி. நரைத்த தலையோடு ஒரு தடவை பேத்தி என்றுகூடச் சொன்னாள், காவலாளியும் விட்டான். முழங்கால் போகும்வரை போனாள், பிறகு அவளே போய்விட்டாள். ஆய்வாளருக்கு ஓய்வும் பாராட்டுக் கூட்டமும் வந்தன. குளியலறையில் வழுக்கி இடுப்பு ஒடிந்தபோது மகன் நாலு இடம் விசாரித்து, எந்த ஆய்விலும் கெட்ட பெயர் வாங்காத இல்லமாகப் பார்த்து அப்பாவைச் சேர்த்தான். மாடியில், ஜன்னலோரம்.

தலைமாட்டில் பிடுங்கிய வயர் ஆடிக்கொண்டிருந்தது. தொண்டை காய்ந்தது. அவர் பொத்தானை அமுக்கினார், மாடியில் ஒரு சத்தமும் இல்லை. புது ஆய்வாளர் வீட்டில் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். முதலில் தெருப்பிள்ளைகளைத் திட்டுவார்கள், அப்புறம் எலெக்ட்ரீஷியன் வரவேண்டும், பூச்சு வேறு காயவேண்டும். அவசரப்படாமல் மறுபடி அமுக்கினார்.